"மாடு இல்லாதது" என்று ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டிருக்கிறது. பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பேனாமூடி (கேள்வி கேட்டவர்)

என் மகளுக்கு ஆறு வயது. பால் அலர்ஜி. பால் செரிக்காத கோளாறு இல்லை, அலர்ஜி. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று யாரும் பதில் போட வேண்டாம். அந்த அறிவுரை உறவினர்களிடமிருந்தே தேவைக்கு மேல் வந்துவிட்டது.

ஒன்பதாம் மாதத்தில் முதல் தடவை பால் கலந்து ஊட்டியபோது உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழுந்தது. நான்கு வயதில் ஒரு விழாவில் "இதில் பால் இல்லை" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்த கேக்கில் பால் இருந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கடுமையான அலர்ஜிக்கு உடனே போடுகிற எபிநெஃப்ரின் ஊசிப் பேனாவைத் தொடையில் குத்தியது நான்தான். கை நடுங்கியதில் பாதுகாப்பு மூடியைக் கழற்றாமலே இரண்டு தரம் குத்தினேன். மனைவிதான் பிடுங்கிக் கழற்றிக் கொடுத்தாள். என் பெயருக்குக் காரணம் புரிந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூட வேலை செய்கிறவர் ஒருவர் மகளுக்கென்றே தேடிப் பிடித்து ஒரு ஐஸ்கிரீம் டப்பா வாங்கி வந்தார். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "மாடு இல்லாதது", பக்கத்தில் ஒரு பச்சை இலை, கீழே "லாக்டோஸ் இல்லை". பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் "நுண்ணுயிரிகள் தயாரித்த வே புரோட்டீன்", அதற்கடுத்து "பால் புரதம் உள்ளது". எதை நம்புவது? மாடே இல்லாமல் பால் புரதம் எப்படி வரும்? நான் கணக்கு எழுதுகிறவன், அறிவியல் பள்ளியோடு நின்றுவிட்டது.

டப்பா ஃப்ரீசரில் இருக்கிறது. மகள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். "அப்பா, மாடு இல்லையாம்" என்று நேற்றிலிருந்து மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

மிதவை

லாக்டோஸ் இல்லையென்றால் பயமே இல்லை. எனக்கும் பால் ஒத்துக்கொள்ளாது, லாக்டோஸ் இல்லாததைத்தான் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. பாவம், குழந்தை ஆசைப்படுகிறது, கொடுங்கள்.

நுரைமட்டம்

கொடுக்காதீர்கள். டப்பாவை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள்.

மிதவை நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் லாக்டோஸ் என்பது பாலில் இருக்கிற சர்க்கரை. அதைச் செரிக்கிற என்சைம் குறைந்தால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரும், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு ஆகாதது பாலின் புரதம். அங்கே சண்டை போடுவது நோய் எதிர்ப்பு மண்டலம். லாக்டோஸை எடுத்துவிட்ட பாலிலும் புரதம் அப்படியே இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. நீங்கள் சொல்கிற அந்தப் புரதப் பொடியைத் தயாரிக்கிற ஆலையில் ஃபெர்மென்ட்டர் (நுண்ணுயிரிகளை வளர்க்கிற பெரிய தொட்டி) ஆபரேட்டர். பதினேழு வருடம் என்சைம் ஆலையில் இருந்தேன், கடைசி மூன்று வருடமாகப் பால் புரதம். எங்கள் ஆலையில் பொடி உலர்த்துகிற, மூட்டை கட்டுகிற பகுதியின் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு: பால் அலர்ஜி உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது. மாட்டின் வாசனைகூட இல்லாத கட்டடம் அது. உங்கள் கேள்விக்கு அந்தப் பலகையே போதும் என்றாலும், எப்படி என்று கேட்டிருப்பதால் சொல்கிறேன்.

பசும்பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன், மீதி வே, அதாவது பால் திரியும்போது பிரிகிற தண்ணீரில் இருக்கிற புரதம். அந்த வேயில் அதிகமாக இருப்பது பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம். 162 அமினோ அமிலங்களை ஒரு வரிசையில் கோத்த மணிமாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலில் இது கிடையாது. பால் அலர்ஜிக்காரர்களில் நிறையப் பேருக்கு இதுதான் ஆகாது. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்ற குறிப்பு பசுவின் மரபணுவில் இருக்கிறது. அதைப் படியெடுத்து ஒரு பூஞ்சைக்குள் வைத்துவிட்டால், பூஞ்சை சர்க்கரையைத் தின்றுவிட்டு அதே மாலையைக் கோத்துத் தொட்டித் தண்ணீரில் விடும். பூஞ்சையை வடிகட்டி எறிந்துவிட்டுத் தண்ணீரிலிருந்து புரதத்தைப் பிரித்து உலர்த்துகிறோம். மணி வரிசையும் அதேதான், மாலை சுருண்டு மடிகிற விதமும் அதேதான். உங்கள் மகளின் ரத்தத்தில் இருக்கிற, அலர்ஜியைக் கிளப்புகிற ஐஜிஇ எதிர்ப்பொருளுக்குத் தெரிந்தது அந்த வடிவம் மட்டும்தான். யார் கோத்தது என்று அது விசாரிக்காது.

நாங்கள் வளர்க்கிற பூஞ்சையின் பெயர் டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணியைத் தின்று ஓட்டை ஓட்டையாக்கிய ஆள் இவர்தான். அந்தத் துணியைத் தின்ன அது கக்கிய என்சைமுக்காகத்தான் முதலில் பிடித்து வைத்து ஆராய்ந்தார்கள். கக்குவதில் அவ்வளவு கெட்டிக்காரராக இருப்பதால் இப்போது பால் புரதத்தையும் அவர் தலையில் கட்டியாயிற்று.

பெர்ஃபெக்ட் டே என்ற நிறுவனம் இந்தப் புரதத்தைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு எழுதி, 2020இல் "எங்களுக்குக் கேள்வி இல்லை" என்ற கடிதத்தை வாங்கியது. எல்லோருக்கும் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக்கூடாது. பால் அலர்ஜி எச்சரிக்கை லேபிளில் இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2006 முதல் எட்டு வகை அலர்ஜிப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும், 2023இல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. ஐரோப்பியப் பட்டியலில் 14. டப்பாவின் முன்பக்கத்தை எழுதியது விற்பனைப் பிரிவு, பின்பக்கத்தை எழுத வைத்தது சட்டம். நீங்கள் எறும்பு எழுத்தையே படியுங்கள்.

தொழுவம்

நான் மறுபக்கத்து ஆள், மாடு வைத்திருக்கிறேன். நுரைமட்டம் சொன்னதில் எனக்குத் தகராறு இல்லை, குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டுப் போகிறேன்.

சோயாவிலும் ஓட்ஸிலும் செய்ததற்குப் பால் என்று பெயர் வைத்து விற்கக்கூடாது என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னபோது எங்கள் ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். இப்போது இந்தப் பெண் குழந்தையை வைத்து யோசித்துப் பார்க்கிறேன். ஓட்ஸ் பானத்தில் பால் புரதம் துளிகூடக் கிடையாது, ஆனால் அதைப் பால் என்று சொல்லக்கூடாது. இந்த ஐஸ்கிரீமில் இருப்பது சாட்சாத் பால் புரதம், அதற்கு முன்பக்கத்தில் பச்சை இலை. எங்கே போய் முட்டிக்கொள்வது?

தொழில்நுட்பம் பிடிக்காத கிழவன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பண்ணையில் கறப்பது ரோபோ. 1992இல் நெதர்லாந்தில் முதல் ரோபோ வந்த செய்தியைக் கேட்டு எங்கள் அப்பா சிரித்தார், "மாடு அதுவாக வந்து நிற்குமாக்கும்" என்று. இன்று நிற்கிறது. பால் கட்டினால் அதுவே நடந்து வரும். கழுத்துப் பட்டை அது யார் என்று சொல்லும், லேசர் காம்பைத் தேடும், கை போல ஒன்று கீழிருந்து வந்து மாட்டிக்கொள்ளும். அசைபோடுகிற நேரம் வழக்கத்தைவிடக் குறைந்தால் என் போனுக்குச் செய்தி வரும். முன்பெல்லாம் மடியைத் தொட்டுச் சூடு பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிப்பேன். இப்போது மாடு சோர்வதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். விடிகாலை நாலு மணிக்கு எழுகிற வேலை போயிற்று. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடிப்பது வந்திருக்கிறது.

நுரைமட்டம் தம்பி, உங்களிடம் இரண்டு கேள்வி. அந்தப் பூஞ்சை தின்கிற சர்க்கரை எங்கிருந்து வருகிறது? அத்தனை பெரிய ஆலையில் எத்தனை பேருக்கு வேலை?

நாற்பதுயூனிட்

வயதான சர்க்கரை நோயாளி ஒருத்தியின் குறுக்கீடு.

1971இல், ஒன்பது வயதில், எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பு இன்சுலினே சுரக்காத வகை என்று தெரிந்தது. அப்போது இன்சுலின் என்றால் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து பிழிந்தெடுத்ததுதான். கண்ணாடி ஊசிக்குழலைத் தினமும் கொதிக்க வைக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற கருவி வீட்டில் கிடையாது. சிறுநீரைச் சோதனைக் குழாயில் விட்டு ஒரு மாத்திரையைப் போட்டால் அது கொதிக்கும். நீலமாக இருந்தால் அம்மா முகம் மலரும், ஆரஞ்சு என்றால் அன்றைக்கு வீடே அமைதியாகிவிடும்.

மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியினுடையது அதில் ஒன்றே ஒன்றில் மாறும், மாட்டினுடையது மூன்றில். அன்றைக்குச் சுத்திகரிப்பும் அவ்வளவு போதாது. ஊசி போட்ட இடங்களில் என் தொடையில் கொழுப்புக் கரைந்து பள்ளம் பள்ளமாக விழுந்தது. உடம்பு அந்நியனைக் கண்டுகொண்டதன் அடையாளம் என்று பின்னால் ஒரு டாக்டர் விளக்கினார். பாவாடையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டே என் பள்ளிக்காலம் முடிந்தது.

1978இல் ஜெனென்டெக் என்ற சிறு கம்பெனியும் சிட்டி ஆஃப் ஹோப் என்ற மருத்துவ ஆய்வு மையமும் சேர்ந்து ஈ.கோலை பாக்டீரியாவை மனித இன்சுலின் செய்ய வைத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு 1986இல் மாற்றினார்கள். ஆறு மாதம் நான் அதை நம்பவில்லை. குடலில் வாழ்கிற பாக்டீரியா செய்ததை உடம்பில் ஏற்றுவதா என்று அம்மா அழுதாள். மனித இன்சுலினுக்கு மாறியபின் சர்க்கரை இறங்குவது முன்போல உடம்புக்குத் தெரியவில்லை என்று சிலர் புகார் சொன்னதும் எங்கள் காதில் விழுந்தது. ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை, ஆனால் பயந்தவளுக்கு அது எப்படித் தெரியும். அப்புறம் புதிதாக ஒரு பள்ளமும் விழவில்லை. என் உடம்பு செய்ய வேண்டிய அதே மாலையை பாக்டீரியா கோத்தது, நான் பிழைத்துக் கிடக்கிறேன். உங்கள் மகளுக்கு ஆகாத அதே மாலையைப் பூஞ்சை கோக்கிறது, அவளுக்கு ஆகாது. எனக்கு இது கஷ்டமில்லாமல் புரிகிறது, ஐம்பது வருடமாக ஊசி குத்திக்கொள்வதாலோ என்னவோ.

ஒரு சந்தேகம் மட்டும். நான் இப்போது போடுகிற லிஸ்ப்ரோ இன்சுலினில் வேண்டுமென்றே இரண்டு மணிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அதனால் வேகமாக வேலை செய்கிறது. அதேபோல இந்தப் பால் புரதத்திலும் மணியை மாற்றி அலர்ஜி வராமல் செய்யக்கூடாதா?

நுரைமட்டம்

தொழுவம் அண்ணா, முதலில் உங்களுக்கு.

சர்க்கரை வயலிலிருந்துதான் வருகிறது, வானத்திலிருந்து இல்லை. மாவுச்சத்தை உடைத்து எடுத்த குளுக்கோஸ், டேங்கர் டேங்கராக. உங்கள் மாட்டுக்குப் புல் போதும், மனிதன் தின்ன முடியாததைத் தின்றே அது பால் கொடுக்கும். என் பூஞ்சைக்கு மனிதனும் தின்னக்கூடிய சரக்கு வேண்டும். எங்கள் விளம்பரத்தில் இந்த வரி இருக்காது. கரண்ட் செலவையும் கேளுங்கள். பூஞ்சை தின்னத் தின்னச் சூடு கிளம்பும், கலக்குகிற விசிறியும் தன் பங்குக்குச் சூடேற்றும். அதை இறக்குவதற்குத் தொட்டிக்குள் சுருள் குழாயில் குளிர்ந்த நீர் இரவும் பகலும் ஓட வேண்டும். என் வேலையில் பாதி பூஞ்சையைக் குளிர வைப்பதுதான்.

ஆட்கள்: நான் சேர்ந்த காலத்தில் ஒரு ஷிஃப்டுக்கு ஆறு பேர், இப்போது மூன்று. அன்றைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சாம்பிள் எடுத்து லேபுக்கு ஓடுவோம். இப்போது கரைந்த ஆக்சிஜன், பிஎச், வெளியேறுகிற காற்றில் எவ்வளவு கரியமில வாயு, எல்லாம் நொடிக்கு நொடி திரையில் விழுகிறது. அடுத்த பத்து மணி நேரம் எப்படிப் போகும் என்று ஒரு மென்பொருள் கோடு போட்டே காட்டும். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது.

போன வருடம் ஒரு ராத்திரி ஆக்சிஜன் கோடு திடீரென்று கீழே இறங்கியது. சென்சார் கோளாறு, மாற்றவும் என்றது மென்பொருள். புதிதாக வந்த பையன் சென்சார் எடுக்கக் கிளம்பிவிட்டான். எனக்கு என்னவோ பொறுக்காமல், காற்று வெளியேறுகிற குழாய்ப் பக்கம் போய் நின்றேன். நல்ல தொட்டியில் ஈரமண் மாதிரி ஒரு வாசனை வரும். அன்றைக்குப் புளித்தது. சாம்பிளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பூஞ்சை நூல்களுக்கு நடுவே குட்டிக் குட்டிக் குச்சிகள் நீந்துகின்றன. பாக்டீரியா. குளிர்நீர்ச் சுருளில் ஊசிமுனை அளவு ஓட்டை, அது வழியாக உள்ளே வந்திருக்கிறது. 80 ஆயிரம் லிட்டரையும் நீராவியில் கொன்று சாக்கடைக்கு விட்டோம். மென்பொருளைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதற்குக் கற்றுக்கொடுத்த தொட்டிகளில் ஒன்றில்கூடச் சுருள் ஓட்டையாகவில்லை. ஆறு பேர் இருந்தபோது குழாய்ப் பக்கம் போய் நிற்க ஒருவருக்கு நேரம் இருந்தது.

நுண்ணுயிரி உணவு என்றால் ஏதோ நேற்று முளைத்தது என்று நினைப்பவர்களுக்கு: சிட்ரிக் அமிலத்தை 1919 முதலே ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையில் ஆலை அளவில் செய்கிறார்கள். சீஸ் உறைய வைக்கிற கைமோசின் முன்பு கன்றின் நான்காம் வயிற்றிலிருந்து வந்தது. 1990இல் நுண்ணுயிரி செய்த கைமோசினை அமெரிக்கா அனுமதித்தது. இன்று அங்கே பெரும்பாலான சீஸ் அதில்தான் உறைகிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். கைமோசின் ஒரு கிள்ளு, வேலையை முடித்துவிட்டு ஒதுங்கிவிடும். நான் இப்போது செய்வது கரண்டி கரண்டியாக நேரே வயிற்றுக்குப் போகிறது. அதனால்தான் இதற்கு எச்சரிக்கையும் பெரிதாக வேண்டும்.

நாற்பதுயூனிட் அம்மா, ஒரு மணியை மாற்றினால் மட்டும் போதாது. எதிர்ப்பொருள் மாலையை ஒரே இடத்தில் பிடிப்பதில்லை, பல இடங்களில் பிடிக்கும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறு இடத்தில். எல்லாவற்றையும் மாற்றினால் அது நுரைக்காது, கெட்டியாகாது, ஐஸ்கிரீமுக்கே உதவாது. மாலையை அறுத்துத் துண்டு துண்டாக்குகிற வழி பழையது. அலர்ஜிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பால்மாவு அப்படித்தான் செய்கிறார்கள்.

பேனாமூடி

எல்லோருக்கும் நன்றி. அந்தத் துண்டு துண்டான பால்மாவு டின்னை எப்படி மறப்பேன். நாக்கில் வைத்தால் கசக்கும். மகள் அதைக் குடித்தே ஒன்றரை வருடம் வளர்ந்தாள். விருந்தாளிகள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டப் போவார்கள்.

இன்று அலர்ஜி டாக்டரிடம் பேசினேன். டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், பார்த்த உடனே கூடாது என்றார். நான் விடாமல், சில பிள்ளைகளுக்கு வேகவைத்த பால் ஒத்துக்கொள்ளும் என்று படித்தேனே, ஐஸ்கிரீமுக்கும் சூடாக்கத்தானே செய்வார்கள் என்று கேட்டேன். மாவோடு சேர்ந்து அடுப்பில் அரை மணி நேரம் வேகும்போது பீட்டா லாக்டோகுளோபுலினின் மடிப்புப் பிரிந்து மாவோடு பின்னிக்கொள்ளும், ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கிற சூட்டில் அப்படி நடக்காது என்றார். கேசீனோ சூட்டுக்கு அசைந்தே கொடுக்காது. என் மகளுக்கு இரண்டுமே ஆகாது, நாங்கள் கேக்கிலேயே அனுபவப்பட்டோம். எதைச் சோதித்துப் பார்ப்பதானாலும் மருத்துவமனையில், மருந்தெல்லாம் தயாராக இருக்கிற இடத்தில் மட்டும்தான் என்று அழுத்திச் சொன்னார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் முகம் வாடிவிட்டது. மனிதர் இலையைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். எறும்பு எழுத்தைக் காட்டியதும் பாக்கெட்டிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

மகளிடம்தான் சமாளிக்க முடியவில்லை. "மாடு இல்லை, ஆனா மாட்டுப் பால் இருக்கா? அப்ப மாடு எங்க போச்சு?" என்கிறாள். மணிமாலைக் கதையைச் சொன்னேன். பூஞ்சை கூடாரத்தைத் தின்ற பகுதி மட்டும் மறுபடி மறுபடி வேண்டுமாம். நுரைமட்டம் சார், அந்தப் பூஞ்சை என்ன நிறம்? படம் வரையப் போகிறாளாம்.

நுரைமட்டம்

தட்டில் வளர்த்தால் முதலில் வெள்ளைப் பஞ்சு, வித்து விட்ட பிறகு பச்சை. கொஞ்சம் மஞ்சளும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடாரத்துக்கு எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போடலாம்.

தொழுவம்

மாடு எங்கேயும் போகவில்லை என்று குழந்தையிடம் சொல்லுங்கள், இங்கேதான் நிற்கிறது. போன் அடித்துவிட்டது, 31ஆம் நம்பர் அசைபோடவில்லையாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.